குளக்கரை நடை முதல் பொழிமுக நடவு வரை: நாகர்கோவில் பக்கத்துச் சூழல் குழு ஒன்றின் வெளிநடைகள்

நாகர்கோவிலை ஒட்டி இயங்கும் தன்னார்வச் சூழல் குழு ஒன்று பொதுமக்களுக்காக மாதந்தோறும் வெளிநடைகள் நடத்துகிறது. குளக்கரையில் பறவை பார்த்தல், ஆகாயத்தாமரை அகற்றல், மணக்குடிக் காயலோரம் அலையாத்தி நடவு, பனை விதைப்பு, எப்போதாவது ஒரு காட்டு நடை, கேரளத்து வயல்வெளிக்கு ஒரு பயணம் என்று பலவும் உண்டு. எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. சிலவற்றுக்கு யோசிக்காமல் போகலாம், சிலவற்றில் குழு இன்னும் நிறையத் திருந்த வேண்டும். போன இடத்துக்கே மறுபடி போய், என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதி வைக்கிறார்களா என்பதை வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறோம்.

அந்த வகையில் முதலிடம் சுசீந்திரம், தேரூர் குளங்களின் மாதாந்தர நடைக்குத்தான். இவ்விரு குளங்களும் சேர்ந்த ஈரநிலம் 2022 இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது, பரப்பு 94 ஹெக்டேர் சொச்சம். அதே ஆண்டில் பட்டியலுக்கு வந்த, இதே மாவட்டத்து வேம்பனூர் ஈரநிலம் இருபது ஹெக்டேர்கூட இல்லை. வடக்கே இருந்து வலசை வரும் பறவைக்கு இதற்குத் தெற்கே இந்திய நிலத்தில் பெரிதாக இடமில்லை. அதனால்தான் இவ்வளவு சிறிய குளங்களுக்கும் இவ்வளவு மதிப்பு.

கூடும் நேரம் காலை ஆறரை. கோடையில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், ஆனால் ஜனவரியில் சூரியன் எழவே ஆறரையைத் தாண்டும். அப்போது ஐந்தரைக்கு வந்து இருட்டில் நிற்பதில் பயனில்லை. நிற்கும் இடத்தைக் குழு சரியாகத் தேர்ந்தெடுக்கிறது: காலையில் குளத்தின் கிழக்குக் கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் பறவையின் நிறம் தெரியும். எதிர்க்கரையில் நின்றால் நீர்க்காகமும் தாழைக்கோழியும் ஒரே கறுப்பு நிழலாகத்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குவது வழக்கமான பிழை.

குழுவிடம் உள்ள இருநோக்கிகள் 8x42 வகை, அதாவது 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முகப்பு லென்ஸ். 10x50 இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். உருப்பெருக்கம் கூடக் கூடக் கைநடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும், தாமரை இலைகளுக்கு நடுவே பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். தொடங்குகிறவருக்கு 8 மடங்குதான் சரி. கருவியைக் கையில் கொடுக்கும் முன் சரிசெய்யச் சொல்லித் தருவதையும் பாராட்ட வேண்டும். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து ஒரே வட்டம் தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவு வரவழைக்க வேண்டும். அடுத்து இடது கண்ணை மூடி, வலக்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் அரை மணியில் தலைவலி வரும், “எனக்கு இது சரிப்படாது” என்று ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். கண்ணாடி போட்டவர்கள் கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும்.

தொலைநோக்கி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதன் முன்னால் வரிசை நீண்டுவிடுகிறது. எட்டரை மணிக்குமேல் நீர்ப்பரப்பிலிருந்து வெப்பக் கானல் எழும்பும், 40 மடங்கில் வைத்தால் காட்சி நெளியும், அப்போது 20 மடங்குக்கு இறக்குவதே நல்லது. கருவி பழுது என்று நினைத்துக் குடைய வேண்டாம்.

எண்ணும் முறை இக்குழுவின் பலம். கூட்டத்தில் பத்துப் பறவையைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டம் முழுவதன் மேலும் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே எண்ணுகிறார்கள். கணக்கு ரொம்பவும் விலகினால் மூன்றாவது முறை சேர்ந்து எண்ணுகிறார்கள். சீழ்க்கைச் சிறகிகள் நெருக்கி உட்காரும், பின்வரிசை மறையும், ஆகவே எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். நீலத்தாழைக்கோழி தாமரைக்குள் புகுந்துவிடும், விளிம்புக்கு வந்து மேயும் முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணியதே கணக்கு. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் தேரூரிலிருந்து சுசீந்திரத்துக்கும் அங்கிருந்து இங்குமாகப் பறந்துகொண்டே இருக்கும். ஒரு குளத்தை முடித்துவிட்டு மறு குளத்துக்குப் போனால் அதே பறவையை இருமுறை எண்ண நேரும். அதைத் தவிர்க்க ஆட்களை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் நிறுத்துகிறார்கள். இதைக் கடைப்பிடிக்காத எண்ணிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

அடையாளம் காண்பதில் தடுமாறும் இடங்களைக் குழுவின் வழிகாட்டிகள் பொறுமையாக விளக்குகிறார்கள். வெண்கொக்குகளில் வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது பெரியது, கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரம், கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னது. நத்தைக்குத்தி நாரையின் அலகில் இடைவெளி இருக்கும் என்று எல்லோரும் படித்திருப்பார்கள். குஞ்சாக இருந்து வளரும் பருவத்தில் அந்த இடைவெளி இராது, அதை வேறு நாரை என்று எழுதிவிடுவார்கள். நீலச்சிறகி செப்டம்பர், அக்டோபரிலேயே வரத் தொடங்கும். அப்போது ஆண்கூடப் பெட்டை போல மங்கலான நிறத்தில்தான் இருக்கும், புருவக் கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சந்தேகம் இருந்தால் “வாத்து, இனம் தெரியவில்லை” என்று எழுதச் சொல்கிறார்கள். ஊகத்தைப் பெயராக எழுதாத இந்த ஒழுக்கம் பெரிய விஷயம்.

எல்லையோரம் என்பதால் ஒரு வசதி. வருகிறவர்களில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து மலையாளிகளும் உண்டு, பெயர்கள் இரண்டு மொழியிலும் ஒலிக்கும். நாம் பாம்புத்தாரா என்பதை அவர்கள் சேரக்கோழி என்பார்கள். அவர்களின் சேர நம்முடைய சாரைப்பாம்பு. கழுத்து மட்டும் நீருக்கு மேலே நீந்தும் அந்தப் பறவையை இரண்டு மொழிக்காரர்களும் பாம்பாகவே கண்டிருக்கிறார்கள். கேரளம் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு மாநிலம் முழுவதற்கும் பறவை வரைபடம் தயாரித்தது. அங்கே கையாண்ட 15 நிமிடப் பட்டியல் முறையை இந்தக் குழுவும் எடுத்துக்கொண்டிருக்கிறது. கால் மணிக்கு ஒரு பட்டியல், தொடக்க நேரம், நடந்த தூரம், பார்த்தவர் எண்ணிக்கை, கண்ட எல்லா இனமும். அபூர்வமானதை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டால் அந்தப் பட்டியலால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும், 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் இந்த நடைகளில் பழகியவர்கள் அப்படியே பொருந்திப் போகிறார்கள்.

வெள்ளாயணிக் காயலையொட்டிய புஞ்சக்கரி வயல்களுக்கு ஆண்டுக்கொரு முறை ரயிலில் கூட்டிப் போகிறார்கள். நல்ல பயணம், ஆனால் முதல் நடையாக வேண்டாம். நம் ஊர்க் குளத்தில் நாலு முறை நின்றவருக்குத்தான் அங்குள்ள வேறுபாடு புரியும்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நாற்பதைத் தாண்டிவிடுகிறது, வழிகாட்டி மூன்று பேர். ஒருவருக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பின்னால் நிற்பவர் காதில் எதுவும் விழாது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பறக்கும் படத்துக்காகக் கரையில் முன்னேறி நாரைகளைக் கிளப்பிவிடுகிறார்கள், குழு சொல்லியும் கேட்பதில்லை. கிளம்பிய கூட்டம் திரும்ப அமர அரை மணி ஆகும், அன்றைய எண்ணிக்கையும் கெட்டது. கரையில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது. ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதால் சமாளிக்கிறார்கள், அது தீர்வு ஆகாது. பக்கத்தில் ஒரு பள்ளியிலோ வீட்டிலோ பேசி ஏற்பாடு செய்வது கடினமான வேலையில்லை.

நெல்லின் போக்கைத் தெரிந்துகொண்டு போனால் நடை இன்னும் பயன்படும். இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். பெயரிலேயே மாதம் இருக்கிறது: கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி. குளம் நிறைந்து மறுகால் பாயும் நவம்பரில் வாத்தும் முக்குளிப்பானும் இருக்கும், உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமிராது. கும்பப்பூவுக்கு மடை திறந்து நீர் இறங்க இறங்கச் சேற்று விளிம்பு வெளிப்படும், உள்ளான்கள் அப்போதுதான் வரும். அறுவடை முடிந்த வயலில் அரிவாள்மூக்கனும் நாரையும் மேயும். குளத்தில் பறவை குறைந்துவிட்டது என்று அப்போது சிலர் வருந்துவார்கள், பறவைகள் பக்கத்து வயலில் நிற்கும். மடை பார்க்கும் அண்ணாச்சியிடம் இரண்டு நாள் முன்னதாகக் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யும் வழக்கம் குழுவிடம் இருக்கிறது. மீன் குத்தகைக்காரரிடமும் தாமரை பறிப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, அறிவிக்காமல் நாற்பது பேர் கரையில் ஏறினால் சண்டைதான் வரும்.

அடுத்தது ஆகாயத்தாமரை. இதை அகற்றும் பணிக்குத்தான் ஆள் அதிகம் சேர்கிறார்கள், படமும் அதிகம் எடுக்கிறார்கள். செய்நேர்த்தி பாதி சரி. நீர் இறங்கிய கோடையில், பூப்பதற்கு முன் எடுப்பது சரி. பூத்து விதை விழுந்துவிட்டால் அது சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கயிறு கட்டிய இரும்பு வாரியால் இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். அங்கேதான் தவறு. எடுத்ததைக் கரைச் சரிவிலேயே குவிக்கிறார்கள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர், சுமக்கச் சுமக்கத் தோள் விட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த மழையில் நீர்மட்டம் ஏறினால் குவியலின் அடியில் ஈரமாகக் கிடந்த கணுக்கள் மிதந்து மறுபடி குளத்துக்குள் போய்விடும். உயர் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்ப் பரப்பிக் காயவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எடை வெகுவாகக் குறையும், அதன் பிறகு சாணத்தோடு அடுக்கி உரமாக்கலாம். சாக்கடை கலக்கும் குளத்தில் எடுத்ததைக் காய்கறித் தோட்டத்துக்குப் போடக் கூடாது. அந்தச் செடி கனஉலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

மழைக்காலத்தில் இலைக்கோழியும் தாழைக்கோழியும் மிதக்கும் செடிகளின் மேல் முட்டையிடும். இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். அது அலகை நீட்டி அங்குமிங்கும் ஓடிச் சத்தம் போட்டால் பக்கத்தில் கூடு இருக்கிறது, வாரியை அங்கே எறியக் கூடாது. கூடு கட்டும் பருவத்தில் செடியில் ஒரு பட்டையை எடுக்காமல் விட்டு வைப்பதைக் குழு இப்போது கடைப்பிடிக்கிறது. நல்ல மாற்றம்.

இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் மழைக்காலம் வந்தால் இது உயிரைக் குடிக்கும் நோய். காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் அன்று இறங்க வேண்டாம், கரையில் நின்று கயிறு இழுக்கலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியல். தடுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் “குளத்தில் இறங்கினேன்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். குழு கையுறை தருகிறது, பூட்ஸ் தருவதில்லை. வாங்கி வைக்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

எடுத்த குளத்தில் ஆறு மாதத்தில் மறுபடி பச்சைப் போர்வை. சூடான, சத்து மிகுந்த நீரில் இரண்டே வாரத்தில் அது இரட்டிக்கும். ஊர்க் கழிவுநீரும் வயல் உரமும் வாய்க்கால் வழியாக வருவது நிற்காமல் செடியை மட்டும் எடுப்பது தண்ணீர்க் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான். குளத்துக்கு வரும் வாய்க்கால்களில் எங்கெங்கே கழிவு சேர்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுக்கும் முயற்சியைக் குழு தொடங்கியிருக்கிறது. வாரி பிடிக்க வரும் நூறு பேரில் பத்துப் பேர் அந்த வேலைக்கு வந்தால் குளத்துக்கு அதிக நன்மை.

மணக்குடி அலையாத்தி நடவில் எங்கள் பார்வை கலவையானது. பழையாறு கடலில் சேரும் அந்தப் பொழிமுகத்தில் 2004 ஆழிப்பேரலை பாலத்தையே பெயர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அலையாத்தியின் அருமை பற்றி மேலமணக்குடி, கீழமணக்குடி மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேள்வி, எங்கே எப்படி நடுவது என்பதுதான். ரைசோபோரா என்ற அலையாத்தி வகையின் நீண்ட விதைநாற்று, காய்க்கும் தண்டுக்கும் இடையே உள்ள வளையம் மஞ்சளானால்தான் முற்றியது. அதற்குமுன் பறித்தால் வேர் பிடிக்காது. வண்டு துளைத்ததைக் கழித்துவிட வேண்டும். ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து ஓரிரு நாளுக்குள் நட்டுவிட வேண்டும். மொட்டு மேலே இருக்க, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறங்க, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி. தலைகீழாக நடுவது புதியவர்களிடம் சாதாரணமாக நடக்கும். அவிசென்னியா என்ற இன்னொரு அலையாத்தி வகையை இப்படிக் குத்த முடியாது, பையில் நாற்று வளர்த்து நடுவதே நல்லது.

இவ்வளவும் சரியாகச் சொல்லித் தருகிறார்கள். பிழை இடத்தேர்வில். நடப்பதற்கும் படம் எடுப்பதற்கும் வசதியான திறந்த சேற்றுவெளியில் நட்டிருக்கிறார்கள். அது தாழ்வான மட்டம். பொழி மண் மூடி அடைபடும் காலத்தில் காயலில் நீர் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும், குட்டை நாற்றுகள் மூச்சு முட்டிச் செத்துவிடும். இயற்கையாக விழுந்து முளைத்த கன்று எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் நட வேண்டும், ஒரு கயிறும் மட்டம் பார்க்கும் கருவியும் வைத்துப் பார்த்தால் அரை மணி வேலை. அந்தத் திறந்த சேறு உள்ளான்கள் மேயும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது.

எத்தனை நட்டோம் என்று அறிவிப்பு வருகிறது, எத்தனை பிழைத்தது என்று வருவதில்லை. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டமாக நாலு கம்பு ஊன்றி, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் எண்ணினால் போதும். இரண்டு கட்டங்களில் மட்டும் அப்படிச் செய்திருக்கிறார்கள், அந்த இரண்டிலும் நடவின் இடம் அடுத்த முறை தானாகவே திருந்திவிட்டது. காயலோரத்தில் சிக்கிய பழைய வலைத் துண்டுகளை அறுத்தெடுக்கும் வேலையையும் அதே நாளில் செய்கிறார்கள். இது நடவைவிட மேலானது என்றே சொல்வோம். வலை நீங்கிய இடத்தில் கன்று தானாகவே வருகிறது. மண்ணில் புதைந்த வலையைப் பிடித்து இழுக்க வேண்டாம், அறுந்து துண்டு துண்டாக உள்ளேயே தங்கும். சுற்றித் தோண்டிவிட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும்.

பனை விதைப்புக்கு அதிகம் சொல்ல இல்லை. ஆவணி, புரட்டாசியில் விழும் புதுவிதையை மழைக்கு முன் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றுகிறார்கள். கரையின் வெளிச்சரிவில் ஊன்றுங்கள், சாலை அகலப்படுத்தக் குறித்த பக்கத்தில் வேண்டாம்.

காளிகேசம் பக்கக் காட்டு நடையைத் தவிர்க்கலாம். வனத்துறை அனுமதியைக் குழு முறையாக வாங்குகிறது, அதில் குறையில்லை. ஆனால் பெரிய கூட்டத்தோடு மழைக்காட்டுக்குள் போனால் அட்டையைத் தவிர வேறெதுவும் அருகில் வராது. ஏழெட்டுப் பேராகப் பிரித்தால் வேறு கதை.

புத்தளம் உப்பளத்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், ஒரே நிபந்தனையோடு. பாத்திகளுக்கு இடையே உள்ள சிறு வரப்பில் ஏறக் கூடாது, பெரிய வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். காலடி பட்டு ஒரு வரப்பு உடைந்தால் பல நாள் காய்ந்த உப்புநீர் ஓடிவிடும், ஒரு தொழிலாளியின் கூலி போகும். நெடுங்கால் உள்ளானை வரப்போரம் நின்றே வேண்டிய மட்டும் பார்க்கலாம்.

குளக்கரை நடைக்குக் கட்டணமில்லை, பயணங்களுக்கு அவரவர் செலவு. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பேருந்தில் ஏறிச் சுசீந்திரத்தில் இறங்கலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம், பழுப்போ பச்சையோ போடுங்கள். தொப்பி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், ஒரு குறிப்பேடு, பென்சில். பேனா மை நனைந்தால் கரையும். நடை முடிந்ததும் வாழையிலையில் புட்டும் பயறும் பப்படமும் தருகிறார்கள், குளக்கரையில் ஒரு பிளாஸ்டிக் குப்பைகூட விழுவதில்லை. சாப்பிடும் நேரத்தில் யாராவது ஒருவர் குழுவின் பதிவேட்டைத் திறந்து அன்றைய கணக்கை எழுதுவார். பக்கத்தில் போய் உட்காருங்கள். போன ஆண்டு இதே மாதப் பக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஏடுகள் இன்னும் கணினியில் ஏறவில்லை. தட்டச்சு தெரிந்தவர் ஒருவர் மாதம் ஒரு மாலை ஒதுக்கினால் குழுவுக்கு வேறெந்த நன்கொடையும் இதற்கு ஈடாகாது.